500 எம்பிபிஎஸ் இணையத் திட்டம், வருவது 94தான்

கேள்வி:
எடிசன், நியூ ஜெர்சி. கேபிள் இணையம், 500 எம்பிபிஎஸ் (நொடிக்கு 500 மெகாபிட்) திட்டம். காலையோ இரவோ, வேகச் சோதனையில் 94க்கு மேல் ஏறுவதே இல்லை. வாடகை மோடத்துக்கு மாதம் 15 டாலர் வேறு. டாக்சிஸ் 3.1 (கேபிள் மோடங்களுக்கான தரநிலை) மோடம் சொந்தமாக வாங்கிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். 94 என்பது 100 மெகாபிட் இணைப்பில் கிடைக்கும் வேகம். மோடத்தையும் கணினியையும் இணைக்கும் லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் (1000 மெகாபிட்). ஒன்று அறுந்தாலும் 100க்கு இறங்கிவிடலாம். எங்கள் வீட்டில் பூனை கடித்திருந்தது. அது தெரிவதற்குள் நான் புது மோடமே வாங்கிவிட்டேன்!

பதில் 2:
வாங்குவதானால் 3.1 சரி. 8 சேனல் (ஒரே நேரத்தில் தரவு இறங்கும் தடங்கள்) மட்டுமே உள்ள பழைய 3.0 மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், 340 சொச்சத்தோடு நின்றுவிடும்.

கேட்டவர்:
லேன் கேபிளை மாற்றினேன். 480! அப்புறம், அந்த 15 டாலர்தான் உறுத்துகிறது.