ஃப்ளஷ் செய்து 50:50 கூலன்ட் ஊற்றியும் 28 சதவீதம்தான் காட்டுகிறது (டீசல் பிக்கப்)

கேள்வி

வணக்கம் நண்பர்களே. வண்டி 2.5 லிட்டர் டீசல் பிக்கப், மேனுவல் கியர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஓடியது 1,60,000 கி.மீ. கையேட்டின்படி கூலிங் சிஸ்டத்தின் மொத்தக் கொள்ளளவு, ஹீட்டரையும் சேர்த்து, 10 லிட்டர்.

உள்ளே இருந்தது சிவப்புக் கூலன்ட். குறைந்தபோதெல்லாம் மேலே பச்சை ஊற்றப்பட்டிருக்கிறது. வடித்தபோது செங்கல் கரைத்த தண்ணீர் போல வந்தது. குழாய்த் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை கழுவி, ரேடியேட்டர் அடிப் பிளக் வழியாக வடித்தாயிற்று. பிறகு 50:50 ரெடிமிக்ஸ் (பாதித் தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்ட்) ஊற்றியதில் 5.6 லிட்டர்தான் பிடித்தது. மூன்று நாள் ஓட்டியபின் ரேடியேட்டரிலிருந்து எடுத்துப் பார்த்தால் ரிஃப்ராக்டோமீட்டர் (கூலன்ட் விகிதம் பார்க்கும் கருவி) 28 சதவீதம் காட்டுகிறது.

கூடவே மூன்று தொல்லைகள். ஐடிலில் ஹீட்டர் காற்று ஆறிவிடுகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் சூடாக வருகிறது. லோடுடன் மேடு ஏறும்போது முள் நடுவைத் தாண்டுகிறது. ரிசர்வ் டேங்கில் வாரத்துக்கு ஒரு விரல் அளவு குறைகிறது.

வாங்கிய ரெடிமிக்ஸ் போலியா? இனி சிவப்பு வாங்குவதா, பச்சை வாங்குவதா?

பதில் 1

ரெடிமிக்ஸ் போலி இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் பிளக்கைத் திறந்தால் ரேடியேட்டரில் உள்ளதும் ஹோஸில் உள்ளதில் கொஞ்சமும்தான் வெளியே வரும். பிளாக்கின் வாட்டர் ஜாக்கெட்டிலும் (உள்ளே கூலன்ட் ஓடும் வழிகள்) ஹீட்டர் கோரிலும் (கேபினுக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) இருப்பது அங்கேயே தங்கிவிடும். 10 லிட்டரில் 5.6 லிட்டர் பிடித்தது என்றால் 4.4 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே இருந்திருக்கிறது. நீங்கள் ஊற்றிய 5.6 லிட்டரில் கிளைகால் (கூலன்ட்டின் மூலப்பொருள்) பாதி, அதாவது 2.8 லிட்டர். பத்துக்கு 2.8 என்றால் 28 சதவீதம். மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது.

தண்ணீரால் கழுவிய சிஸ்டத்தில் ரெடிமிக்ஸ் ஊற்றவே கூடாது. கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை, உங்களுக்கு 5 லிட்டரை, முதலில் ஊற்றிவிட வேண்டும். மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பலாம். ரெடிமிக்ஸ் இருப்பது மேலே ஊற்றி மட்டம் சரிசெய்யத்தான்.

இப்போது இருப்பதைத் திருத்த: வடிக்க வேண்டிய அளவு = கொள்ளளவு × (வேண்டிய சதவீதம் − இருக்கும் சதவீதம்) ÷ (100 − இருக்கும் சதவீதம்). உங்களுக்கு 10 × 22 ÷ 72, சுமார் 3 லிட்டர். அதை வடித்துவிட்டு 3 லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றினால் 50 வந்துவிடும்.

கேட்டவர்

கணக்கு புரிந்தது, நன்றி. அப்படியானால் நல்லதுக்கு 70, 80 சதவீதமாக வைத்துக்கொண்டால் சூடு குறையுமா?

பதில் 1

குறையாது, கூடும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை கிடையாது. கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற்ற தண்ணீருக்கு 4.2 கிலோஜூல் வேண்டும், தனி எத்திலீன் கிளைகாலுக்குச் சுமார் 2.4 போதும். கிளைகால் கூடக் கூட, அதே ஓட்டத்தில் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைகிறது. கலவையும் கெட்டியாகிறது. உறைநிலையிலும் லாபமில்லை. 50 சதவீதத்தில் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும் கலவை, தனிக் கிளைகாலாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். பனி விழாத ஊரிலும் 50 வைப்பது துருத் தடுப்பு மருந்துக்காகத்தான், அது கான்சன்ட்ரேட்டோடு சேர்ந்தே வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அந்த மருந்தும் போதாது. உங்கள் 28 அங்கேதான் நிற்கிறது. மேல் எல்லையாக 60 வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிநிலை உயர்வதில் பெரிய பங்கு ரேடியேட்டர் மூடிக்குத்தான். 50:50 கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் மூடி போட்டு அழுத்தத்தில் வைத்தால் 125 டிகிரியைத் தாண்டும். மூடி ரப்பர் வெடித்திருந்தால் விலையுயர்ந்த கூலன்ட் ஊற்றியும் பயனில்லை.

பதில் 2

மேலே சொன்ன 3 லிட்டர் கணக்கு எண்ணளவில் சரி. ஆனால் இந்த வண்டிக்கு அதைச் செய்ய வேண்டாம் என்பேன். உள்ளே தங்கியிருப்பது குழாய்த் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடத்தில், குறிப்பாக ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, உப்புப் படிவாக ஒட்டும். கூலன்ட்டில் பாஸ்பேட் இருந்தால் இன்னும் சீக்கிரம் படியும். சிவப்பும் பச்சையும் கலந்ததன் மிச்சமும் பிளாக்கில் இருக்கிறது. சதவீதத்தை மட்டும் சரிசெய்தால் அழுக்குத் தண்ணீரைச் சரியான விகிதத்தில் வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

டிஸ்டில்டு வாட்டராலேயே திரும்பக் கழுவுங்கள். இன்ஜின் ஆறியபின் வடித்து, 5.6 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறியபின் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாகும்வரை ஓட விட்டு, மறுபடி ஆற விட்டு வடியுங்கள். தெர்மோஸ்டாட் திறக்காமல் வடித்தால் பிளாக்கில் உள்ளது கலக்கவே கலக்காது. ஒவ்வொரு சுற்றிலும் பழையதில் 44 சதவீதம் மிஞ்சும். இரண்டாவது சுற்றில் 19, மூன்றாவதில் 9-க்கும் கீழே. மூன்று சுற்றுக்கு 17 லிட்டர் வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டில் வடிகால் பிளக் இருந்து, அது துருவேறி இறுகாமல் திறந்தால், இரண்டே சுற்று போதும். கடைசியாக வடித்ததும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட், 0.6 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்.

சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அலுமினிய ஹெட் வளையும், வெடிக்கவும் செய்யும்.

நிறத்துக்கு வருவோம். நிறம் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் துருத் தடுப்பு மருந்தை. பழைய வகையில் சிலிகேட் போன்ற உப்புகள் எல்லாப் பரப்பிலும் உடனே ஒரு படலம் போட்டுவிடும், அதனாலேயே சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆயுள் சுமார் 2 ஆண்டு. கரிம அமில வகை அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 ஆண்டு வரை தாங்கும். இடைப்பட்ட கலப்பு வகைகளும் உண்டு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கரிம அமிலத்தோடு பாஸ்பேட் சேர்த்து, சிலிகேட்டை ஒதுக்குவார்கள். ஐரோப்பியர்கள் சிலிகேட் சேர்த்து, பாஸ்பேட்டை ஒதுக்குவார்கள். இரண்டு வகையைக் கலந்தால் அன்றைக்கே எதுவும் ஆகிவிடாது. ஆனால் நீண்ட ஆயுள் என்ற கணக்கு அதோடு முடிந்தது, சில கலவைகளில் ஜெல்லியும் பிரியும். அது முதலில் போய் அடைப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை.

ஆகவே கையேட்டில் எழுதியுள்ள ஸ்பெசிஃபிகேஷன் எண்ணை டப்பாவின் பின்பக்கத்தில் தேடுங்கள். பொதுத் தரமாக ஏஎஸ்டிஎம் டி3306 என்பது இலகு வாகனங்களுக்கு, டி6210 என்பது கனரக டீசலுக்கு. லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) வெளிப்பக்கம் நேரடியாகக் கூலன்ட்டில் நனையும் பெரிய இன்ஜின்களில் அதிர்வால் குமிழ் வெடித்து லைனரைக் குழி குழியாக அரிக்கும். அதைத் தடுக்கும் மருந்து இரண்டாவதில் உண்டு. உங்கள் இன்ஜினுக்குக் கையேடு அதைக் கேட்காவிட்டால் தேட வேண்டாம்.

பதில் 3

ஹீட்டர் விஷயம். ஐடிலில் ஆறி, ரெய்ஸ் கொடுத்தால் சூடாவது உள்ளே காற்று சிக்கியதன் அடையாளம். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ரெய்ஸிலும் ஒன்று சூடு, மற்றது வெறும் வெதுவெதுப்பு என்றால் கோர் அடைப்பு. ரெய்ஸில் இரண்டும் ஒன்றாகச் சூடேறினால் காற்றுதான்.

காற்றெடுக்க: வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி, ரேடியேட்டர் வாய்தான் சிஸ்டத்திலேயே உயரமான இடம் என்று ஆக்குங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைக் கழற்றி, வாயில் இறுக உட்காரும் புனலைப் பொருத்தி, அதில் பாதிவரை கூலன்ட் வையுங்கள். ஹீட்டர் முழுச் சூடு, ப்ளோயர் குறைந்த வேகம். ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழ் நின்று ஒரே சீராக ஒழுகும்வரை திறந்து வைத்துப் பிறகு மூடுங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, இடையிடையே 2,000 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்குங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிழிந்து விடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கும், அப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் நின்றதும் இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறியபின் புனலை எடுத்து மூடியைப் போடுங்கள்.

மேட்டில் முள் ஏறுவதற்குக் காற்று ஒன்றே போதுமான காரணம். காற்றெடுத்த பின்னும் ஏறினால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பிக்கப்பில் அங்கே மண்ணும் பூச்சியும் கம்பளி போலப் படியும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஹை பிரஷர் கன் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.

பதில் 2

வாரத்துக்கு ஒரு விரல் குறைவதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். காற்று வெளியேறுவதால் முதல் சில நாள் குறையலாம். அதற்குமேல் குறைந்தால் லீக். பிரஷர் டெஸ்டரை வைத்து, ஆறிய இன்ஜினில், மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை மட்டும் அடித்து 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையை ஆற்றும் பாகம்) அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு). கேஸ்கெட் போயிருந்தால் இன்ஜின் போட்ட ஓரிரு நிமிடத்திலேயே, சூடு ஏறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஆறியபின் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக் கிடந்தால் அது மூடியின் வேக்கம் வால்வு, பயப்பட வேண்டாம்.

லீக் அடைக்கும் பவுடர் எதையும் ஊற்றாதீர்கள். ஓட்டைக்கு முன்னால் ஹீட்டர் கோரை அடைக்கும்.

கேட்டவர்

பிரஷர் டெஸ்ட் முடிந்தது. 15 நிமிடத்தில் 1.1 பாரிலிருந்து 0.9-க்கு இறங்கியது. மேல் ஹோஸ் இறுகவில்லை. வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால், அடிப்பக்கச் சின்ன ஓட்டையிலிருந்து வெளிறிய இளஞ்சிவப்பில் பொருக்கு இறங்கியிருக்கிறது. தொட்டால் உதிர்கிறது.

பதில் 3

அது வீப் ஹோல். உள்ளே சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்றே விட்ட வழி. சூட்டில் தண்ணீர் ஆவியாகி மருந்து உப்பு மட்டும் பொருக்காக நிற்கிறது, அதனால்தான் தரையில் சொட்டு தெரியவில்லை. புதுப் பம்பில் லேசான கறை சகஜம். 1,60,000 கி.மீ. ஓடியதில் பொருக்கு வழிந்து, அழுத்தமும் இறங்கினால் பம்பை மாற்ற வேண்டியதுதான். புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஓட்டாதீர்கள், பேரிங் உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரில் பாயும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பம்ப், கூடவே தெர்மோஸ்டாட், இவற்றின் கேஸ்கெட், ரேடியேட்டர் மூடி. தெர்மோஸ்டாட்டில் ஜிக்கிள் வால்வு இருந்தால் அது மேல்பக்கம் நிற்க வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் போகும். அதன்பின் டிஸ்டில்டு வாட்டர் சுற்றுகள், பிறகு 5 லிட்டர் கான்சன்ட்ரேட். வரிசையை மாற்றினால் ஊற்றிய கூலன்ட்டைப் பம்புக்காக மறுபடி வடிக்க நேரும்.

வடிப்பதையெல்லாம் மூடியுள்ள கேனில் பிடியுங்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செத்துவிடும். தரையில் சிந்தியதையும் அப்போதே கழுவிவிடுங்கள்.

முடித்த மறுநாள் காலை, இன்ஜின் போடும் முன், ரிசர்வ் டேங்கில் மட்டத்துக்கு நேராக டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து ரேடியேட்டர் வாயிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் பூஜ்ஜியம் வைத்த ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ரிசர்வ் டேங்கிலிருந்து எடுக்க வேண்டாம், அங்கே விகிதம் வேறாக இருக்கும். 48க்கும் 52க்கும் நடுவே நின்று, டேப்புக்குக் கீழே மட்டம் போகாமல் இருந்தால் வேலை முடிந்தது.