டிராகனின் நெருப்புக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது?

வாட்ஸ்அப் குழு: பெரிய வீட்டு உறவுகள்

கவின்: அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் நான் எழுதும் கதையில் ஒரு டிராகன் வருகிறது. அது நெருப்பைக் கக்கும் என்று எழுதிவிட்டேனே தவிர, எப்படிக் கக்குகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாட்டின் வயிற்றில் மீத்தேன் உண்டாவதைப் போல டிராகனும் வாயுவைச் சேர்த்துவைத்து ஊதுகிறது என்று வைத்துக்கொள்ளலாமா? தாத்தாவின் விதிப்படி முழு வாக்கியங்களில் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா: வைத்துக்கொள்ளலாம், ஆனால் உன் டிராகன் சண்டையில் ஏமாந்து போகும். ஒரு மாடு நாள் முழுவதும் வெளிவிடும் மீத்தேன் ஏறத்தாழ 250 முதல் 500 லிட்டர். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், அவ்வளவையும் எரித்துக் கிடைக்கும் வெப்பத்தை கால் லிட்டர், மிஞ்சினால் அரை லிட்டர் சமையல் எண்ணெயே தந்துவிடும். வாயுவை அழுத்தி அடைக்கலாம் என்றால் அதற்குக் கனமான உருளை வேண்டும்; உருளையைச் சுமந்துகொண்டு எப்படிப் பறப்பது? அதோடு, காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ஆலையில் என் வேலையில் பாதி, எரிவாயு அந்த எல்லைக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அத்தை: தம்பி சொல்வது சரி, எண்ணெயே பொருத்தம். அதற்கு இயற்கையில் முன்மாதிரியும் உண்டு. வட அட்லாண்டிக் கடற்கரைப் பாறைகளில் கூடு கட்டும் ஃபுல்மார் என்னும் பறவை, தான் தின்ற இரையின் கொழுப்பை முன்வயிற்றில் எண்ணெயாகத் தேக்கிவைத்து, உணவு கிடைக்காதபோது அதை உண்டு வாழ்கிறது. எதிரி நெருங்கினால் அதையே முகத்தில் உமிழ்ந்துவிடுகிறது. பறக்கத் தெரியாத குஞ்சுகளும் இதைச் செய்கின்றன. ஆகவே சேமிப்பதும் உமிழ்வதும் ஏற்கெனவே இருப்பவைதாம். பற்றவைக்கும் முறையை மட்டும் நீ கற்பனை செய்தால் போதும்.

கவின்: மின்சார விலாங்கைப் போல வாயில் ஒரு மின்பொறியை வைத்துவிட்டால் என்ன, அத்தை?

அத்தை: அது 600 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் தரும், உண்மைதான். ஆனால் அதன் உடல் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கை மின் உறுப்புகளே பிடித்துக்கொள்கின்றன. பிறகு எண்ணெய்க்கு இடம் ஏது? எனக்குக் கல்லும் இரும்பும்தான் பிடித்திருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே வாழும் ஒரு நத்தையின் காலை மூடிய செதில்களில் இரும்பு சல்பைடு படிந்திருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பைரைட் என்னும் கனிமத்தைச் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித்தான் பழங்கால மனிதர்கள் தீ மூட்டினார்கள். உன் டிராகனின் மேல்வரிசைப் பற்களில் பைரைட் பூச்சு இருப்பதாக எழுதினால், உயிரியல் ஆசிரியர்கள்கூடச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சித்தப்பா: நான் வருவேன், அக்கா. பொறி பட்டவுடன் கெட்டியான எண்ணெய் எரிந்துவிடாது. அதையே மெல்லிய தூறலாகப் பீய்ச்சினால் எளிதில் பற்றும். ஆனால் நுண்துளிகளைக் காற்று உடனே தடுத்துவிடுவதால் அவை தூரம் போகா. கெட்டியான பீய்ச்சல் தூரம் போகும், பற்றவைப்பதுதான் கடினம். ஆகவே நாக்குக்கு அடியில் இரண்டு சுரப்பிகள் வேண்டும்: முதலில் தூறல் வந்து சிறு தீயாக நிற்க, அதன் நடுவே கெட்டி எண்ணெய் பாய வேண்டும். போர்க்கால நெருப்பெறி கருவிகளிலும் முனையில் தனியாக ஒரு பற்றவைப்புத் தீ இருந்தது.

அம்மா: இதில் எதையும் யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் கூடாது.

கவின்: சரி அம்மா. சித்தப்பா, அப்படியானால் அதன் வாய் ஏன் வெந்துபோவதில்லை?

சித்தப்பா: தீ பின்னோக்கி ஓடும் வேகத்தைவிட எண்ணெய் வெளியேறும் வேகம் அதிகமாக இருப்பதால்தான். அசைவற்ற மீத்தேன்-காற்றுக் கலவையிலேயே தீ விநாடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான் நகரும். எனவே பலமாகப் பீய்ச்சும்வரை தீ உதட்டுக்கு வெளியே நிற்கும். ஆபத்து, பீய்ச்சலை நிறுத்தும் கணத்தில்தான். வேகம் குறையும்போது கடைசித் துளிகள் வாயோரத்தில் எரியும். அப்போது மூச்சை உள்ளே இழுத்தால் தீயும் உள்ளே போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் டிராகன் வாயை இறுக மூடி, சிறிது நேரம் மூச்சடக்கிக் கிடக்க வேண்டும். உன் கதாநாயகி அதை நெருங்குவதானால் அந்த நேரத்தில்தான் நெருங்க வேண்டும்.

தாத்தா: கேட்க நன்றாக இருக்கிறது. அக்கினி அஸ்திரத்துக்கு எரிபொருள் எது என்று நம் முன்னோர் கேட்டதில்லை. ஆனால் அதைத் தணிக்க வருணாஸ்திரத்தை வைத்தார்கள். கர்ணனுக்குத் தக்க தருணத்தில் மந்திரம் மறந்துபோகும் என்ற சாபத்தையும் வைத்தார்கள். உன் டிராகனை எது தடுக்கும்? மழையா?

சித்தப்பா: மழை போதாது, அப்பா; எண்ணெய் நீரில் மிதந்தபடியே எரியும். 7ஆம் நூற்றாண்டிலிருந்து பைசாந்தியர்கள் கடற்போரில் பயன்படுத்திய நெருப்பு நீரின்மேலும் எரிந்ததாகத்தான் குறிப்புகள் சொல்கின்றன. டிராகனைத் தடுக்கப்போவது பசி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் முதுகில் சுமந்த எம்2 நெருப்பெறி கருவியில் ஏறத்தாழ 18 லிட்டர் எரிபொருள் இருந்தது; நிறுத்தாமல் பாய்ச்சினால் அது பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் என்பது சுமார் 8000 கலோரி, அதாவது ஒரு மனிதனின் நான்கு நாள் உணவு. கணக்கை நீயே போட்டுக்கொள்.

கவின்: 72 நாள் உணவு! ஒரு மனிதன் இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிடுவதை டிராகன் பத்து விநாடியில் துப்பிவிடுகிறது. அப்படியானால் அது ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு திரியாது. பெரும்பாலும் மிரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். முதல் அத்தியாயத்தில் நான் மூன்று கிராமங்களை எரித்திருக்கிறேன்.

அத்தை: ஒன்றாகக் குறைத்துவிடு, அதையும் கூரை வேய்ந்த கிராமமாக வை, ஒரு மூலையில் பற்றினாலே போதும். இன்னொன்று, மேல்வரிசையில் பைரைட் இருந்தாலும் கீழே சிக்கிமுக்கிக் கல் வேண்டுமல்லவா? அது உடலில் விளையாது. பறவைகள் செரிமானத்துக்காகப் பொடிக்கற்களை விழுங்குவதைப் போல, டிராகனும் கல்லைத் தேடியெடுத்துத் தாடையில் அடக்கிக்கொள்ளட்டும். தேய்ந்தால் புதிய கல்லைத் தேடிப் போகட்டும்.

கவின்: கல் கிடைக்கும் ஆற்றுப்படுகையைக் கதாநாயகியின் ஊரார் காவல் காக்கிறார்கள் என்று வைக்கப்போகிறேன். எதற்காகக் காக்கிறோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

தாத்தா: காவலுக்கு அந்த ஊரில் ஒரு திருவிழாவும் இருக்கட்டும். எழுதி முடித்தவுடன் முதலில் எனக்கு அனுப்பு. எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பு.