பெருங்குடற் பை அழற்சி: அம்மாவுக்குக் கச்சான் கொடுக்கலாமா?

கேள்வி (களுவாஞ்சிகுடி)
என் அம்மாவுக்கு வயது 63. சென்ற மாதம் இடது அடிவயிற்றில் தொடங்கிய வலி மூன்று நாளாகியும் தணியாமல் காய்ச்சலும் சேர்ந்ததால் வைத்தியசாலையில் அனுமதித்தோம். ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர், பெருங்குடற் சுவரில் சிறு பைகள் புடைத்திருப்பதாகவும், அவற்றுள் ஒன்று அழற்சியுற்ற இந்நிலையை டைவர்டிகுலைட்டிஸ் என்பார்கள் என்றும் விளக்கினார். மருந்தில் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். கச்சான், எள்ளுருண்டை, கொய்யாப்பழம் எதுவும் கொடுக்கக்கூடாது, விதை பைக்குள் சிக்கிவிடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அம்மாவோ ஒப்பரேஷன் செய்ய நேருமோ என்று பயந்து சோற்றையும் குறைத்துவிட்டார்.

பதில் 1 (தாதிய உத்தியோகத்தர், கல்முனை)
தங்கச்சி, விதை பற்றிய அந்த எச்சரிக்கையை முன்பு வைத்தியர்களே சொல்லிவந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் அவதானித்து 2008இல் வெளியான ஆய்வில், கச்சான் போன்றவற்றையும் சோளத்தையும் அதிகம் உண்டவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வரவில்லை என்றே தெரிந்தது. வலி இருக்கும் நாட்களில் கஞ்சி, சூப் போன்ற இலகுவான உணவு போதும். சுகமான பின்னர் தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், கீரை, பழங்கள் என்று நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் நன்றாகக் குடிக்கக் கொடுங்கள். சோற்றைக் குறைப்பதால் பயனில்லை. பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படாது; சீழ்க்கட்டி, குடலில் துளை, அடைப்பு போன்ற சிக்கல்கள் வந்தாலே அது பேசப்படும். அழற்சி ஆறி ஆறு முதல் எட்டு வாரங்களின் பின், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய, கொலனொஸ்கோபி (கமெரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்வதுண்டு. அதைத் தவறவிட வேண்டாம்.

பதில் 2 (அக்கரைப்பற்று)
எங்கள் வாப்பாவுக்கும் இதே போன்ற குடற் பைகள்; அவற்றிலிருந்து வலியே இல்லாமல் மலத்துடன் நிறைய இரத்தம் போனது. மூலம் என்று நினைத்து ஒரு நாளைக் கடத்திவிட்டோம். முழங்கால் வலிக்கு அவர் பாமசியில் தானாக வாங்கி நெடுநாள் போட்டுவந்த டைக்ளோபினாக் இத்தகைய இரத்தக்கசிவின் ஆபத்தைக் கூட்டும் என்று பிறகுதான் அறிந்தோம். உங்கள் அம்மாவும் அப்படி ஏதும் போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இரத்தம் கண்டாலோ, வயிறு கல்லுப்போல் இறுகினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. கை கால் உளைவுக்கு அம்மா போடும் குளிசையின் பெயரை இப்போதுதான் பார்த்தேன், அதுவும் டைக்ளோபினாக்தான். வரும் கிளினிக்கில் வைத்தியரிடம் அந்த அட்டையையே காட்டி, கொலனொஸ்கோபிக்கும் திகதி கேட்கிறேன்.