தீட்டிய டிரில் பிட் வெட்டாமல் தேய்கிறது

வீட்டுப் பட்டறையில் மூன்று வாரமாக ஒரு 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில் பிட்டோடு போராடுகிறேன். பெஞ்ச் கிரைண்டரில் தீட்டிய பிறகு இரும்பில் இறங்கவே மாட்டேன் என்கிறது. அழுத்தினால் கிறீச் சத்தம், முனை சூடாகிறது. ஒரு பக்கம் மட்டும் சுருள் வருகிறது, மறுபக்கம் வெறும் பொடி.

கிரைண்டர் 6 அங்குலம், 2850 ஆர்.பி.எம்., 60 கிரிட் சாம்பல் கல். துளையிடுவது 5 மி.மீ. மைல்டு ஸ்டீல் பட்டையில், டிரில் பிரஸ்ஸில், 600 ஆர்.பி.எம். வேகத்தில். புது பிட் போட்டால் அதே பட்டையில் வெண்ணெய் போல இறங்குகிறது. ஆகவே மெஷினில் குறை இல்லை.

கிரைண்டர் கல்லை, அதன் முகத்தைச் சீவும் கருவியான டிரெஸ்ஸரால் சமப்படுத்தினேன். கோணம் அளக்கும் கேஜ் வைத்து முனையின் இரு பக்கமும் 59 டிகிரி, மொத்தம் 118 வருகிறதா என்று பார்த்தேன், வருகிறது. வெட்டும் விளிம்புகளில் ஒன்று அரை மி.மீ. நீளமாக இருந்தது. அதைச் சரிசெய்ததும் துளை பெரிதாவது குறைந்தது, சத்தம் மட்டும் போகவில்லை. விளிம்புக்குப் பின்பகுதி தாழாமல் உரசுகிறது என்றே நினைக்கிறேன். நல்ல பிட், தூக்கிப் போட மனமில்லை.

பின்பகுதி சரியாகத் தாழ, தீட்டும்போது பிட்டின் வால்பகுதியை நேராகக் கீழே இறக்கினால் போதுமா, இல்லை இறக்கிக்கொண்டே சற்றுச் சுழற்றவும் வேண்டுமா?