கோ தாவ் தீவில் எங்கே தங்கலாம்? டைவிங் தவிர என்ன பார்க்கலாம்?

நீலக்கடல்:
வணக்கம். ஏப்ரலில் குடும்பத்தோடு தாய்லாந்தின் கோ தாவ் போகலாம் என்று இருக்கிறோம். எனக்கு ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைப் பயிற்சி) முடிக்க ஆசை. மகளுக்குப் பதினொரு வயது, நன்றாக நீந்துவாள், அவளும் சேர்ந்து கற்கிறேன் என்கிறாள். மனைவிக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் இருவரும் கடலுக்குள் போய்விட்டால் அவர் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடக்கூடாது, அதுதான் என் பெரிய யோசனை. தங்குமிடம் தேடினால் சைரீ கடற்கரை, சைரீ கடற்கரை என்றே வருகிறது, ஆனால் இரவெல்லாம் பாட்டுச் சத்தம் என்றும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் தங்கினால் மூவருக்கும் சரிப்படும்? ஸ்கூட்டர் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

ஆழி:
தங்குமிடத்தை முதலில் புக் செய்துவிட்டு அப்புறம் டைவ் ஸ்கூல் தேடாதீர்கள். முதலில் ஸ்கூலை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அங்கே பல ஸ்கூல்கள் கோர்ஸில் சேருபவர்களுக்கு அறையையும் சேர்த்தே தருகிறார்கள், இல்லையென்றால் வாடகையில் கழித்துக்கொள்கிறார்கள். குடும்பமாகப் போவதால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நல்ல அறையாக மாற்றிக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். விலையை வைத்து ஸ்கூலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே அளவுதான். ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர் என்று கேளுங்கள், நாலு பேருக்கு மேல் என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள்.

மகள் விஷயத்தில் ஒன்று. பத்து, பதினொரு வயதில் கிடைப்பது ஜூனியர் சான்றிதழ், அதில் 12 மீட்டர் ஆழம்தான் எல்லை. உங்களுக்கு 18 மீட்டர். அதனால் எல்லா டைவிலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போகலாம், இதை முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் முகம் வாடக்கூடாது. நீச்சல் சோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை: 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கு கிடையாது, பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். பாடப் பகுதியை ஆன்லைனிலேயே முடித்துவிட்டுப் போனால் தீவில் ஒரு நாள் மிச்சம்.

கற்பவர்களை ட்வின்ஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப் போவது வழக்கம். அங்கே மணல் தரையில் ஒரு கடல் அனிமோனை (பூப்போல விரியும் கடல் உயிரி) சுற்றிக் கற்களை வட்டமாக வைத்திருப்பார்கள், புதியவர்கள் காலில் மாட்டும் துடுப்பு அதில் பட்டுவிடக்கூடாது என்று. உள்ளே முதுகில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். விரல் நீள மீன், ஆனால் கிட்டே போனால் நம் மாஸ்க் கண்ணாடிக்கு நேரே வந்து நின்று முறைக்கும். மகள் அதை மறக்கவே மாட்டாள்.

கரையோரம்:
ஆழி சொல்வது டைவ் பண்ணுகிறவர்களுக்குச் சரி. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு நான் சைரீ சொல்ல மாட்டேன். தெற்கே சலோக் பான் காவ் என்ற கடற்கரையைப் பாருங்கள். அங்கேயும் டைவ் ஸ்கூல்கள் இருக்கின்றன, இரவில் நிம்மதியாகத் தூங்கலாம், நீச்சல் தெரியாதவர் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். வற்று நேரத்தில் தண்ணீர் ரொம்பவே உள்ளே போய்விடும், அப்போது குளிக்க முடியாது, அது ஒன்றுதான் குறை. அங்கிருந்து ஃப்ரீடம் பீச் நடை தூரம். அதற்கு மேலே ஜான் சுவான் காட்சிமுனை ஏறினால் ஒரு பக்கம் சலோக் வளைவும் மறு பக்கம் ஷார்க் பே வளைவும் ஒரே பார்வையில் தெரியும். கடைசிக் கொஞ்சம் பாறை, செருப்போடு ஏற வேண்டாம்.

நீச்சல் தெரியாது என்பதற்காக உங்கள் மனைவி மீன் பார்க்கவே முடியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆவ் லுக் என்ற கடற்கரையில் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளம் தொடங்கிவிடும். லைஃப் ஜாக்கெட், ஸ்நார்கெல் என்ற மூச்சுக் குழாய், கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், இவ்வளவு போதும். அலை இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். தீவு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர், ஆனால் கிழக்கே தனோட் பே பக்கம் இறங்கும் சாலைகள் செங்குத்து, வளைவில் மணல் கிடக்கும். ஓட்டிப் பழகியவர்களே கை கால் முழுக்கக் கட்டோடு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் எடுத்த ஒரு கடையில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முன்பே இருந்த கீறலுக்குப் பணம் கேட்டார்கள், வாடகை எடுத்தபோது பிடித்த வீடியோவைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். டாக்ஸி விலை கூடுதல்தான், இருந்தாலும் குழந்தையோடு போகும்போது அதுவே மேல்.

நீலக்கடல்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. சலோக் பக்கமே பார்க்கிறேன். ஏப்ரல் சரியான மாதம்தானா? திமிங்கலச் சுறா வரும் என்கிறார்களே?

ஆழி:
நல்ல மாதம். மேற்குக் கரையில் உள்ள புக்கெட் பக்கத்துப் பருவத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது தாய்லாந்து வளைகுடாப் பக்கம், இங்கே மழையும் அலையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பர்தான் மோசம். திமிங்கலச் சுறா வசந்த மாதங்களில் வருவதுண்டு, ஆனால் அதை நம்பி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கோர்ஸ் முடிந்ததும் நீங்கள் மட்டும் ஒரு காலை சும்போன் பினாகிள் என்ற கடலடிப் பாறைக்கு டைவ் போங்கள். அந்தப் பாறையின் உச்சியே ஏறத்தாழ 14 மீட்டரில்தான் தொடங்குகிறது, அதனால் மகளுக்கு ஆகாது. பாறை உச்சி முழுக்க அனிமோன், சுற்றிலும் பேட்ஃபிஷ் என்ற தட்டை மீன் கூட்டம். அந்த நேரத்தில் அவளையும் அம்மாவையும் நாங் யுவானுக்கு அனுப்புங்கள். மூன்று குட்டித் தீவுகளை ஒரே மணல் திட்டு இணைக்கும் இடம், பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே விட மாட்டார்கள், நுழைவுக் கட்டணம் உண்டு. காலையிலேயே போனால்தான் அழகு, பத்து மணிக்கு மேல் சாமுய் தீவிலிருந்து படகுகள் வந்து கூட்டத்தை இறக்கிவிடும்.

தண்ணீருக்கடியில் டைட்டன் ட்ரிகர் மீன் கூட்டைக் காவல் காக்கும்போது கடிக்க வரும். அதன் எல்லை மேலே போகப் போக அகலமாகும். அதனால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகுங்கள். மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கரையோரம்:
ஒன்று விட்டுப்போனது. தீவில் விமான நிலையம் கிடையாது, நிலப்பகுதியில் உள்ள சும்போன் ஊரிலிருந்தோ சாமுய் தீவிலிருந்தோ படகில்தான் வர வேண்டும், சுமார் இரண்டு மணி நேரம். டைவ் முடிந்த உடனே பறப்பது உடம்புக்கு ஆபத்து, அதனால் திரும்பும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இருக்கட்டும். நான் கடைசி நாளில் டைவே வைத்துக்கொள்வதில்லை, காட்சிமுனை ஏறுவதை அன்றைக்கு வைத்துக்கொள்வேன். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.