முகவோவியமா, முகவெழுத்தா?

ஐயா, வணக்கம்.

தாய்லாந்து நாடகக் கலைகளுக்கான சொற்பட்டியலில், முகம் தீட்டுவதற்கு 'முகவோவியம்' என்று தந்திருக்கிறீர்கள். படித்ததும், திருவிழாவில் குழந்தையின் கன்னத்தில் வரைகிற வண்ணத்துப்பூச்சிதான் நினைவுக்கு வந்தது. நண்பர் சொன்ன 'அரிதாரம்' என்ற யோசனையும் எனக்கு உவப்பில்லை. அரிதாரம் மஞ்சள் நிறக் கனிமம். லக்கோன் என்னும் மரபான தாய்லாந்து நடன நாடகத்தை ஆடுபவர் முகத்தில் முதலில் ஏறுவதோ வெள்ளைப் பூச்சு. பொருள் விரிந்துவிட்டதே என்பீர்கள். சினிமா நடிகர் வரைக்கும் விரிந்துவிட்ட சொல் கலைச்சொல்லாகப் பயன்படாது.

என் பரிந்துரை 'முகவெழுத்து'. கண்ணுக்கு மை தீட்டுவதை 'எழுதுதல்' என்றே 1285ஆம் குறள் சொல்கிறது. கேரளத்தில் தெய்யம் ஆடுகிறவர்களிடம் 'முகத்தெழுத்து' இன்றும் வழக்கில் இருக்கிறது. அச்சுத்தொழில் நண்பர்கள் இதை எழுத்துரு என்று எண்ணிவிடலாம், பழகினால் சரியாகிவிடும்.

தாளுக்கும் தோலுக்கும் பொதுவாக இருப்பதுதான் இந்தச் சொல்லின் பெரிய வசதி. தாய்லாந்து இராமாயணமான இராமகியன் கதையை ஆடும் கோன் நாடகத்தில் (வெறும் 'கோன்' என்று எழுதினால் அரசன் என்று படித்துவிடுவார்கள்) தேவரும் மனிதரும்கூட முன்பு முகம் மறைத்தே ஆடினார்கள். இன்று இராமனும் இலக்குவனும் மகுடம் சூடி, தீட்டிய சொந்த முகத்தோடு வருகிறார்கள். அரக்கரும் வானரரும் மட்டும் மூடியிருக்கிறார்கள். அச்சின்மேல் தாளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, பின்பக்கம் கீறிக் கழற்றி, கீறலைத் தைத்துச் செய்வது அந்த மூடி. அதன்மேல் புருவமும் மீசையும் உதடும் தூரிகையால் எழுதப்படுகின்றன. அனுமனுக்கு வெள்ளை, சுக்ரீவனுக்குச் சிவப்பு, தசகண்டனாகிய இராவணனுக்குப் பச்சை. உள்ளே இருப்பவர் பேசுவதில்லை. ஓரமாக இருக்கும் கதைசொல்லிகள் அவருக்காகப் பேசுகிறார்கள். ஆகவே முகத்தில் சினம் தெரிய வேண்டுமானால் அந்தப் புருவக் கோட்டில்தான் தெரிய வேண்டும். இதை எழுத்து என்னாமல் வேறு என்னவென்பது?

அந்த மூடிக்கான சொல்தான் இன்னும் அகப்படவில்லை. தாய்லாந்து மொழிக்காரர்கள் அதை முகம் என்பதில்லை. 'ஹுவா கோன்' என்கிறார்கள். ஹுவா என்றால் தலை. தலை முழுவதையும் மூடுவதால் 'முகமூடி' போதாது. 'தலைமூடி' என்றால் ஓர் எழுத்துப்பிழையில் தலைமுடி ஆகிவிடும். 'தலைக்கவசம்' போக்குவரத்துக் காவலருக்குச் சொந்தம். பொய்க்கால் குதிரையை நினைத்து 'பொய்த்தலை' என்று எழுதிப் பார்த்தேன். ஓசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாய் க்ரூ என்னும் குரு வணக்கத்தில் இந்தத் தலைகளை மேடையில் வரிசையாக வைத்துப் படையலிடுகிறார்கள். ஆசிரியர் அவற்றை எடுத்து மாணவர் தலையில் சூட்டி ஆசி தருகிறார். அதைப் பொய் என்று எழுதக் கை கூசுகிறது.

வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் 'ஹுவா கோன்' என்றே இருக்கட்டும்.