மெழுகு பூசிய வால்நட் கட்டை: மெழுகை எப்படி எடுப்பது?

கேள்வி (வெள்ளவத்தை)
வணக்கம். கனடாவிலிருந்து வந்த அண்ணா ஒரு வால்நட் கட்டை தந்தார். 2 அங்குலக் கனம், ஆறு பக்கமும் மெழுகு. அப்பா தேவாரம் படிக்க அதில் ஒரு புத்தகத் தாங்கி செய்ய ஆசை. சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். நாலு இழுப்பிலேயே தாள் அடைத்துக்கொண்டது. மரத்திலும் எண்ணெய் பட்டது போல ஒரு கறுத்த திட்டு. பழுதாக்கிவிட்டேனோ?

பதில் (மொறட்டுவை)
பழுதாகவில்லை தம்பி. சாண்ட் பேப்பரை மட்டும் நிறுத்துங்கள். பரஃபின் மெழுகு 50, 60 பாகை செல்சியஸிலேயே இளகும்; தேய்க்கிற சூடு அதை நாருக்குள் இறக்கிவிடும். முதலில் சுரண்ட வேண்டும். பழைய வாள் தகட்டுத் துண்டு ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, நார் ஓடும் பக்கமாக இழுங்கள். சவர்க்காரம் சீவினது போல வெள்ளைச் சுருளாக வரும். சுருளில் மரத்தின் நிறம் தெரிந்தால் போதும்.

அப்புறம் மண்ணிறக் கடதாசியை வைத்து, அயன் பெட்டியைக் குறைந்த சூட்டில் மேலே ஓட்டுங்கள். இளகும் மெழுகைக் கடதாசி உறிஞ்சும், அதில் எண்ணெய்த் திட்டு விழும். திட்டு விழுவது நிற்கும் வரைக்கும் புதுத் தாள் மாற்றுங்கள். கடைசியில் டேர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதற்கு முன் அயன் பெட்டியைக் கழற்றிவிட்டு யன்னலைத் திறந்து வையுங்கள், டேர்பன்டைன் சட்டென்று பற்றும். மெழுகு மிச்சமிருந்தால் பசையும் பிடிக்காது, வார்னிஷும் ஒட்டாது.

பதில் (கொட்டாஞ்சேனை)
அண்ணை சொன்னது சரி. ஆனால் இரண்டு நுனியிலும் உள்ள மெழுகைத் தொடவேண்டாம். இப்படி முழுதாக மெழுகிய கட்டை பெரும்பாலும் உள்ளே ஈரம். நுனி வழியாக ஈரம் போகிற வேகம் பக்கவாட்டை விட 10 மடங்குக்கு மேல். அதைத் திறந்துவிட்டால் வெடிக்கும். பக்கங்களை மட்டும் திறந்து, நிழலில் காற்றோட்டமாக வைத்து, கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள்.

கேட்டவர்
நன்றி அண்ணை. சுரண்டியதும் அந்தக் கறுப்புத் திட்டு போய்விட்டது! சமையலறைத் தராசில் முதல் நாள் 1,840 கிராம். மூன்று கிழமையில் 1,770. இன்னும் இறங்குகிறது.

பதில் (கொட்டாஞ்சேனை)
அப்படியென்றால் ஈரம்தான். இப்போது அறுத்தால் தாங்கி கோணிப்போகும். நிறை இரண்டு மூன்று கிழமை மாறாமல் நிற்கட்டும். நுனி மெழுகைச் சுரண்டவே தேவையில்லை, அளவு வெட்டும்போது இரண்டு நுனியிலும் மெழுகோடு சேர்த்து அரை அங்குலம் அறுத்துவிடுங்கள்.